என் மகளின் சப்பைத் தலை

என் மகளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அவள் தலை எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஆனது. ஆரம்பித்துவைத்தவர் என் நாத்தனார். கணவரின் அக்கா. மணமேல்குடிப் பக்கம் எங்கள் ஊரிலேயே அடுத்த தெருவில் வீடு. பிள்ளையைக் குளிப்பாட்டக் காலையிலேயே வந்துவிடுவார். அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, பிள்ளையின் பின்மண்டையைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"ஏத்தா, இங்கிட்டு வந்து பாரு. வலப்பக்கம் பின்னால சப்பையா இருக்கு."

பார்த்தேன். இருந்தது. முகத்துக்கு நேரே நின்றால் ஒன்றும் தெரியாது. உச்சியிலிருந்து பார்த்தால் வலது பின்பக்கம் மட்டும் தட்டையாகத் தெரிந்தது. பெற்றவள் கண்ணில் படாதது இவர் கையில் பட்டுவிட்டதே என்று ஆத்திரம் வந்தது.

"தெனம் ரெண்டு கையாலயும் அமுக்கி உருட்டிவிடுறேன்னேன். நீ விட்டியா? அமுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கன்னு எங்கையத் தட்டிவிட்ட. இப்பப் பாரு. பொட்டப்புள்ள வேற. நாளைக்குக் கட்டிக் குடுக்கணுமா வேணாமா?"

"பொண்ணு பாக்க வர்றவன் பின்மண்டையவா பாப்பான் மதினி?" என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. ஆனால் அவர் போனதும் பிள்ளையை மடியில் கிடத்தி அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே அழுதேன். அதை அவரிடம் காட்டவில்லை.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். அவர் குவைத்தில் கார் ஓட்டுகிறார். பிள்ளையை இன்னும் நேரில் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போட்டோக்களாக அனுப்ப ஆரம்பித்தார். வெளிநாட்டுக் குழந்தைகள், தலையில் ஆளுக்கொரு ஹெல்மெட்.

"எங்க மேனேஜர் பையனுக்கு இதேதான். இந்த ஹெல்மெட்டப் போட்டாங்க, இப்பத் தலை உருண்டையா இருக்கு. மெட்ராஸ்ல அளவெடுத்துச் செஞ்சு தர்றாங்களாம். விசாரிச்சுட்டேன்."

"மொதல்ல புதுக்கோட்டை டாக்டரம்மாட்ட காட்டுவோம்ங்க. அப்புறம் மெட்ராஸப் பாக்கலாம்."

நாத்தனாரும் கூடவே கிளம்பினார். பஸ்ஸில் நாலு பேர் பார்த்துவிடக் கூடாது என்று பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டார். வெயில் காலத்தில் கம்பளித் தொப்பி! அறந்தாங்கி தாண்டுவதற்குள் பிள்ளை வேர்த்து விறுவிறுத்து வீறிட்டது. நான் தொப்பியைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தேன். பாக்கிற கண்ணு பார்த்துவிட்டுப் போகட்டும்.

டாக்டரம்மா பிள்ளையின் தலையை மேலிருந்து பார்த்தார், எலும்புகளின் பொருத்தைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

"எலும்புல கோளாறு இல்லை. கழுத்தும் நல்லாத் திரும்புது. ஒரே பக்கமாப் படுத்துப் படுத்து வந்தது. லேசாத்தான் இருக்கு. எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பா?"

"வலப்பக்கம்ங்க."

"எப்பவுமேவா? அந்தப் பக்கம் அப்படி என்னம்மா இருக்கு?"

"அவங்க அப்பா இருக்காருங்க."

"நல்லதாப் போச்சு. அப்பாவ இந்தப் பக்கம் வந்து படுக்கச் சொல்லுங்க."

"அவரு குவைத்துல இருக்காருங்க டாக்டர்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். எனக்கே அப்போதுதான் உறைத்தது. எங்கள் கட்டில் சுவரை ஒட்டிக் கிடக்கும். பிள்ளைக்கு இடப்பக்கம் வெறும் சுவர். வலப்பக்கம் ஒரு ஸ்டூல், அதன்மேல் போன். வேலை முடிந்ததும் அவர் வீடியோவில் வந்தால் பிள்ளை தூங்கும்வரை வைக்கவே மாட்டார். நாக்கைச் சொடுக்குவார், பாடுவார், கூப்பிடுவார். தூங்கிய பிறகும் "அப்படியே லைன்லயே இருக்கட்டும், நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பார். பிறந்ததிலிருந்து அவளுக்கு அப்பா என்றால் வலப்பக்கம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தலைமாட்டைக் கால்மாட்டாக மாற்றிப் படுக்கவைக்கச் சொன்னார். அப்படிச் செய்தால் போனும் வாசலும் வெளிச்சமும் இடப்பக்கம் வந்துவிடும். விழித்திருக்கும் நேரத்தில் பக்கத்திலேயே இருந்து அடிக்கடி குப்புறப் போடச் சொன்னார். பிள்ளையின் தலைக்கு அணைவாக நாத்தனார் துணியைச் சுருட்டிச் செய்து வைத்திருந்த தலையணை வேண்டவே வேண்டாம் என்றார். ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்டேன்.

"ரொம்ப இருந்தா நானே போடச் சொல்லியிருப்பேன். இந்த அளவுக்கு அவசியம் இல்லை. ஆசைப்பட்டாப் போடலாம், தடுக்க மாட்டேன். மாசக்கணக்குல நாள் முழுக்க மாட்டியிருக்கணும், குளிக்கிறப்ப கழட்டிக்கலாம். போடாட்டி, கொஞ்சூண்டு சப்பை கடைசிவரைக்கும் நின்னாலும் நிக்கும். அதனால மூளை வளர்ச்சிக்கு ஒண்ணும் ஆகாது. அம்மா நீங்க யோசிச்சு முடிவு பண்ணுங்க."

அம்மா நீங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில், பிள்ளைக்கு என்ன பெயர், எந்தக் கிழமையில் தொட்டில், எதையாவது என்னிடம் கேட்டிருப்பார்களா? எல்லாம் குவைத்துக்கும் அடுத்த தெருவுக்கும் நடுவில் முடிவாகி எனக்குச் செய்தியாக வந்து சேரும். இது ஒன்றாவது என் கைக்கு நேரே வந்தது. விடுவேனா?

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை மாற்றிப் போட்டேன். நாத்தனார் பதறிப்போனார்.

"அடிப்பாவி! வடக்கயா தலை வச்சுப் போடுற? விடியாத வீட்டுல கூடச் செய்ய மாட்டாளுக!"

அதை நான் யோசிக்கவே இல்லை. கட்டிலைத் திருப்பிப் போட அறையில் இடம் கிடையாது. தெற்கே தலைவைத்தால் அவளுக்கு இடப்பக்கம் சுவர், வடக்கே தலைவைத்தால் இடப்பக்கம் உலகம்.

"மதினி, தெக்க தலை வச்சுத்தான் இந்தக் கதி. இனிமே வடக்கதான். சாமி எங்கிட்ட கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் தானாகவே வந்தார். பிள்ளை வடக்கே தலைவைத்து, இடப்பக்கம் திரும்பி, வாசலில் நின்ற அவரைப் பார்த்துச் சிரித்தாள். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளைக் குளிப்பாட்டத் தூக்கினார்.

கணவரிடம் போன்தான் காரணம் என்று சொல்லாமலே விட்டிருக்கலாம். நாத்தனார் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் பிள்ளையிடம் நாக்கைச் சொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து ஹெல்மெட் பேச்சு பிடிவாதமாகிவிட்டது. முன்பு விருப்பமாகக் கேட்டவர், இப்போது வேண்டுதல் நேர்ந்தவர்போலக் கேட்டார். டாக்டரம்மா சொன்னதை எத்தனை தடவை சொன்னாலும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

குலதெய்வம் கோயிலில் பிள்ளைக்கு மொட்டை என்று முன்பே நாள் குறித்திருந்தோம். நாத்தனாருக்கு அது இடித்தது. "மொட்டையடிச்சா ஊரே பாத்துரும்த்தா. முடி இருந்தா மறச்சுக்கலாம். தள்ளிப்போடு." கணவருக்கோ அது வசதியாகப் பட்டது. "மொட்டையடிச்ச மறுநாள் மெட்ராஸ் போயிரு. வெறுந்தலையில அளவெடுக்கச் சுலபம். காருக்குச் சொல்லிட்டேன்." ஒருவர் மறைக்கச் சொன்னார், ஒருவர் மூடச் சொன்னார். உள்ளது உள்ளபடி அந்தத் தலையை வைத்துக்கொள்ள அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

நான் விளையாட்டாக முடிவெடுக்கவில்லை. விசிறிக் காற்றிலேயே அவள் கழுத்தில் வேர்க்குரு பூத்துக் கிடந்தது. குப்புறப் போட்டால் தலையைத் தூக்கிக் கோழிபோல நாலாபக்கமும் பார்க்கத் தொடங்கியிருந்தாள். மறுபடி காட்டியபோது டாக்டரம்மா, "கொஞ்சம் குறைஞ்சிருக்கு, இப்படியே பாத்துக்குங்க" என்றார். ரொம்ப மோசமாக இருந்திருந்தால் நானே முதல் பஸ்ஸில் மெட்ராஸுக்கு ஓடியிருப்பேன். இது அப்படி இல்லை. மொட்டைக்கு முதல் நாள் கார்க்காரருக்குப் போன் போட்டு, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கோயிலில் என் அண்ணன் மடியில் வைத்து மொட்டையடித்தார்கள். கத்தல் ஓய்ந்து தலையைக் கழுவியதும் எல்லாம் தெரிந்தது. வலது பின்பக்கம், தட்டையாக, வெயிலில் பளபளவென்று. நாத்தனார் சந்தனக் கிண்ணத்தோடு முந்திக்கொண்டு வந்தார். தலை முழுக்கப் பூசினார், பிறகு அந்த ஒரு பக்கத்தில் மட்டும் மேலும் மேலும் அப்பினார். மேடாகிற வரைக்கும் அப்பினார்.

"என்ன மதினி, பூச்சு வேலையா பாக்குறீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நான் முந்தானையால் அந்தச் சந்தனத்தை வழித்தெடுத்து, மற்ற பக்கத்தைப்போல மெல்லிசாகத் தடவிவிட்டேன். "ஆமா, எம்புள்ளைக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சப்பை. பாத்துக்குங்க எல்லாரும்" என்றேன்.

அப்போது கணவர் போனில் வந்தார். கார்க்காரர் சொல்லியிருக்கிறார்.

"கார ஏன் வேணாம்ன?"

"ஹெல்மெட் வேணாம்ங்க. முடிவு பண்ணிட்டேன்."

"என்னாலதான புள்ளைக்கு இப்படி ஆச்சு? நான்தான சரிபண்ணணும்? அதையும் செய்ய விட மாட்டேங்கிற."

நான் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஒங்க மனசு ஆர்றதுக்கு எம்புள்ள தலையில சட்டியக் கவுக்கணுமா? அவ தொட்டுப் பாக்காத அப்பனைப் பாக்கத்தான் திரும்பித் திரும்பிப் படுத்தா. இதுல சரிபண்ண என்னங்க இருக்கு?"

பிள்ளையைத் தோளில் போட்டு, அந்தச் சப்பைப் பக்கத்துக்கு நேரே போனைப் பிடித்தேன். குவைத்தில் கார் ஏசி இரைவது மட்டும் கேட்டது. கொஞ்சம் கழித்து அவர், "இன்னுங் கொஞ்சம் கிட்டக்க காட்டு" என்றார்.