மண்ணெண்ணெய் கலந்த மை

மலைமேல் எங்கள் கூட்டுறவுச் சங்க ஆபீசில் ஒரு சைக்ளோஸ்டைல் மெஷின் இருந்தது. போளூரில் வேண்டாம் என்று தள்ளியதை எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். ஸ்டென்சில் தாளில் டைப் அடித்து, உருளையில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் தாள்கள் ஒவ்வொன்றாக அச்சாகி விழும். விழ வேண்டும். சில நாள் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு விழும். பனி இறங்கிய காலைகளில் ஒன்றுமே விழாது.

நான் டைப்பிஸ்ட். மெஷினுக்கு வைத்தியர் எங்கள் மேனேஜர். பழைய பல் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்ப்பார். தேய்ந்துபோன ரப்பருக்குப் பதிலாக சைக்கிள் டியூபை வெட்டி மாட்டினார். அதற்குப் பிறகு தாள் ஒழுங்காக வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் மனிதருக்குச் செலவென்றால் காய்ச்சல் வந்துவிடும். புது மை ட்யூபை பீரோவில் பூட்டிவைத்து, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். இருக்கிற மையில் மண்ணெண்ணெயைக் கலந்து நீட்டுவார். ஓடி முடித்த ஸ்டென்சிலைத் துடைத்து, கொடியில் தன் பனியனுக்குப் பக்கத்தில் காயப்போடுவார்.

அந்த வருஷம் புளி கொள்முதல் நோட்டீஸ் அடிக்க வேண்டியிருந்தது.

"போன வருஷ ஸ்டென்சிலு கீதேம்மா. தேதிய மட்டும் மாத்திடு. அதுக்கு இன்னாத்துக்குப் புதுசு?" என்றார்.

பழைய தேதியின் மேல் திருத்தும் திரவத்தைப் பூசி, காய்ந்ததும் புதுத் தேதியை அடித்தேன். முதல் தாளை வாங்கிப் படித்தேன். சரியாக இருந்தது. அதைச் சுவரில் ஒட்டினோம். மீதியை அவரே சுற்றி, கட்டுக் கட்டி, மலை ஊர்களுக்கு பஸ்ஸில் அனுப்பிவிட்டார்.

கொள்முதலுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு காலையில் ஆபீஸ் வாசல் முழுக்கப் புளிக் கூடைகள். மேனேஜர் பிரஷ்ஷும் கையுமாக ஓடிவந்தார். பல் தேய்க்கவா மெஷின் தேய்க்கவா என்று கேட்கும் நேரமில்லை.

"அடுத்த வாரம்தானே சொன்னோம்? சுவத்துல பாருங்க!"

தூரத்து ஊரிலிருந்து வந்த ஒரு அம்மா, முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டீஸை நீட்டினார். அதில் போன வருஷத் தேதி பளிச்சென்று இருந்தது; நாளும் மாதமும் மட்டும் போட்டிருந்ததால் அது இன்றைய தேதியாகிவிட்டது. உருளை சுற்றச் சுற்ற, மையில் கலந்த மண்ணெண்ணெய், பூச்சோடு புதுத் தேதியையும் தின்றிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அந்த மெஷினை மலையிலிருந்து உருட்டிவிட்டிருப்பேன்.

"லாரியே அடுத்த வாரந்தாம்மா வரும். வைக்க எடமில்ல. எடுத்துனு போய்ட்டு வாங்களேன்" என்றார் மேனேஜர்.

"எங்க எடுத்துனு போறது சார்? ஆலங்காயத்து ஏவாரிங்க டீக்கடையில குந்திக்கினு கீறாங்க. திரும்பிப் போனா அவுங்க கேக்கற வெலைக்கிக் குடுக்கணும். காயிதம் உங்க ஊட்டுதுதானே?"

மேனேஜர் நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "அந்த மெஷின தூக்கி வராண்டாவுல வைங்க. உள்ள எடம் ஆவும். தராசக் கொண்டாங்க" என்றார். அந்த நிமிஷம் என் கோபம் பாதி இறங்கிவிட்டது.

மதியத்துக்குள் என் நாற்காலி வரை புளி. ஆனால் எல்லா ஊரும் வந்திருக்கவில்லை. இன்று தொடங்கிவிட்டது, லாரி வரும்வரை எடுப்போம் என்று மாலை பஸ்ஸிலேயே சொல்லி அனுப்ப வேண்டும். மேனேஜர் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

"புது ட்யூப எடும்மா."

எடுத்தேன். பிதுக்கினேன். அவர் பிதுக்கினார். அந்த அம்மாவும் வாங்கிப் பிதுக்கிப் பார்த்தார். மை எந்தக் காலத்திலோ உள்ளேயே கல்லாகியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை, மேனேஜரே சிரிக்கும்வரை. பிறகு பேனாவை எடுத்துத் தரையில் உட்கார்ந்து, தாள் தாளாகக் கையால் எழுதினார். நானும் எழுதினேன். நான் வழக்கம்போல் சின்ன எழுத்தில் நெருக்கியதைப் பார்த்து, "பெருசா எழுதும்மா" என்றார். அவருடைய தாளில் தேதி மட்டும் அரைப் பக்கத்துக்கு நின்றது. அதன் மேல் இன்னொரு முறை பேனாவை அழுத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்.