கர்ப்பூரம் மணத்த தீப்பெட்டி

மாணிக்கத்தின் சட்டைப் பையில் தீப்பெட்டியைப் போட்டவன் நான்தான்!

அவன் வேலை போனது என்னால். அவனுக்கு வரவேண்டிய மேஸ்திரி வேலையில் இன்று இருப்பவனும் நான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கோயிலில் அழுதிருக்கிறேன், அங்கேயும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்ததில்லை. அதனால்தான் சொல்ல முடிகிறதோ என்னவோ…

ரங்கூன் ஆற்றங்கரையில் ஒரு மண்ணெண்ணெய்க் கிட்டங்கி. தகர டின்களில் எண்ணெய் நிரப்பி, வாயை மூடி போட்டு அடைத்து, படகில் ஏற்றுவார்கள். நானும் மாணிக்கமும் நிரப்புகிற கொட்டகையில் வேலை பார்த்தோம். அங்கே நெருப்புக்கு இடமில்லை. வாசலில் காவல்காரர் ஒவ்வொருவர் மடியையும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். உள்ளே ஒரு தீக்குச்சி அகப்பட்டாலும் போச்சு! விசாரணை கிடையாது, கெடு கிடையாது. மேஸ்திரி வா என்றால் வேலை. துரை போ என்றால் வேலை இல்லை. எங்கள் எல்லாருடைய சோறும் அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

ஆனால் என்னை மட்டும் காவல்காரர் தடவிப் பார்ப்பதில்லை. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராக்கம். "வாங்க சாமி" என்று கும்பிட்டு வழி விடுவார். தினமும் விடிந்ததும் கோயிலுக்குப் போய், என் கையால் கர்ப்பூரம் ஏற்றிவிட்டுத்தான் வேலைக்கு வருவேன். அதற்கென்று ஒரு தீப்பெட்டி. குச்சிகளோடு இரண்டு கர்ப்பூரத் துண்டையும் அதற்குள்ளேயே போட்டு வைப்பேன். வரும் வழியில் அதை வீட்டில் வைத்துவிடுவது வழக்கம்.

மாணிக்கம் எப்படிப்பட்டவன்? எப்படிச் சொல்வேன்! என் வாயால் அவனைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வருமா?

சிரித்துக்கொண்டே இருப்பான். மா தின் என்ற பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன். வெள்ளிக்கிழமையென்றும் பாராமல் நாப்பி என்கிற மீன் விழுதும் மீனும் தின்பான். கோயிலுக்குத் திருவிழாவன்று வருவான், அதுவும் அன்னதானம் முடிகிற நேரத்துக்கு. படகுக்காரப் பர்மியர்கள் அவனை அண்ணன் என்ற மரியாதையோடு "கோ மாணிக்கம்" என்று கூப்பிடுவார்கள். அவனுக்கு முன்பே இந்த ஊருக்கு வந்தவன் நான். என்னை எவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

என் மனைவி அன்னம் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "அந்த மாணிக்கத்தைப் பாருங்க, வீட்டுக்குள்ள நுழையும்போதே சிரிச்சுக்கிட்டு வர்றாரு. நீங்க வந்தா நானும் எழுந்து நிக்க வேண்டியதா இருக்கு, கோயில்ல நிக்கிற மாதிரி."

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

மேஸ்திரி ஊருக்குத் திரும்பப் போகிறார், அவர் இடத்துக்கு மாணிக்கம்தான் என்று பேச்சு அடிபட்டது. அன்று சாமி சந்நிதியில் நின்று நான் என்ன கேட்டேன் தெரியுமா? "செவ்வாய் தவறாமல் பட்டினி கிடப்பவன் நான்… காவடி எடுப்பவன் நான்… கொடுப்பது அவனுக்கா?" கடவுளிடம் இப்படிக் கணக்குக் கேட்ட வாய் இது!

அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையில் நேரமாகிவிட்டது. கோயிலிலிருந்து நேரே கிட்டங்கிக்கு ஓடினேன். காவல்காரர் கும்பிட்டார். உள்ளே போனேன். எண்ணெய் தெறிக்குமென்று எல்லாரும் சட்டையைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே ஆணியில் மாட்டுவோம். நானும் மாட்டினேன். உச்சி வேளையில் கை கழுவ ஆற்றோரம் போய்க் குனிந்தபோது மடியில் ஏதோ உறுத்தியது.

தீப்பெட்டி!

வீட்டில் வைக்க மறந்திருந்தேன். அதே சமயம் வாசல் பக்கமிருந்து மேஸ்திரியின் குரல். "துரை சோதனைக்கு வர்றாரு! எல்லாரும் வேலையை நிறுத்திட்டு வரிசைக்கு வாங்கடா!"

பயத்தில் செய்தேன் என்று எத்தனையோ நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! பச்சைப் பொய்! ஆறு என் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டி விட்டிருந்தால் போதும். அது மிதந்தோ முழுகியோ போயிருக்கும். ஒருவரும் பார்க்கவில்லை.

நான் ஆற்றைப் பார்த்தேன். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சட்டைகளைப் பார்த்தேன். மாணிக்கத்தின் நீலக் கோடு போட்ட சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது…

நடந்து போய்ப் போட்டேன். ஓடக்கூட இல்லை. நடந்து!

துரை வந்தார். சட்டைகளை உதறினார்கள். தீப்பெட்டி கீழே விழுந்தது.

"என்னடா இது?" என்றார் மேஸ்திரி.

"என்னுது இல்லீங்க மேஸ்திரி. நான் தீப்பெட்டியே வச்சுக்கிறதில்ல. சுருட்டு பத்த வைக்கணும்னா கடையில நெருப்போட தொங்குற கயித்துல பத்த வச்சுக்குவேன். காசு கொடுத்து நெருப்பு வாங்குறவனா நானு?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரிக்கும் அவனை வேலையை விட்டு அனுப்ப மனமில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சாமி, நீ பொய் சொல்ல மாட்டே. இவன் உள்ளார சுருட்டுக் குடிச்சு நீ பார்த்திருக்கியா? நீ இல்லேன்னு சொன்னா நான் துரைகிட்டப் பேசிப் பார்க்கிறேன்."

எல்லாரும் என் நெற்றியைப் பார்த்தார்கள். விபூதியைப் பார்த்தார்கள்.

"பார்த்திருக்கேன்" என்றேன்.

மாணிக்கம் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து அந்தத் தீப்பெட்டியை எடுத்தான். திறந்தான். மூக்கருகே கொண்டுபோனான். கர்ப்பூரத் துண்டு உள்ளேதான் இருந்தது. மறுபடி என்னைப் பார்த்தான், கொஞ்ச நேரம்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவன்! "மோந்து பாருங்க மேஸ்திரி" என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லவில்லை. பெட்டியை மூடி மேஸ்திரி கையில் கொடுத்தான்.

"சரிங்க. போறேன்."

துரை பிரம்பை வாசல் பக்கம் நீட்டினார். அவ்வளவுதான். அன்றைக்கே கிட்டங்கி கொடுத்திருந்த லைன் வீட்டையும் காலி செய்தான். மா தின் சட்டிபானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு போனதை அன்னம் வாசலில் நின்று பார்த்துக் கண் கலங்கினாள். "அவரு அப்படிச் செய்யிறவரே இல்லீங்களே…" என்றாள். அப்போதும், அவன் தெருவில் நின்ற அந்த நேரத்திலும், அவள் அவனுக்காக அழுகிறாளே என்று எனக்கு எரிந்தது!

பழைய மேஸ்திரி ஊருக்குப் போனதும் அந்த வேலை எனக்கு வந்தது.

அதன்பின் தீக்குச்சி கிழிக்க என் கை துணியவில்லை. வீட்டில் அன்னம்தான் விளக்கேற்றுகிறாள். கோயிலில் குருக்கள் காட்டும் தீபத்தைத் தள்ளி நின்று கும்பிடுகிறேன்.

ஒருநாள், சொல்லியே தீர்வது என்று கிளம்பினேன். தாமுவேயில் சந்தைக்குப் பக்கத்தில் அவனும் மா தின்னும் மொஹிங்காக் கடை போட்டிருந்தார்கள். மீன் குழம்பும் சேமியாவும் மணக்க, பர்மியரும் நம்மவரும் சுற்றிக் குந்தியிருந்தார்கள். நடுவில் அவன். சிரித்துக்கொண்டு!

"அட, வாங்கண்ணே! மா தின், சாமி அண்ணன் வந்திருக்காரு! மீன் படாத கிண்ணமாப் பார்த்துத் தேத்தண்ணி கொடு, இல்லாட்டி சாமி கோவிச்சுக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். பலகையைத் துடைத்துப் போட்டான். உட்கார்ந்தேன். "மாணிக்கம், ஒரு விஷயம்…" என்று ஆரம்பித்தேன்.

அடுப்பு அணைந்திருந்தது. அவன் சுள்ளியைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தான்.

"தீப்பெட்டி இருக்காண்ணே?"

"இல்லை" என்றேன்.

"உங்ககிட்ட இருக்கும்னு நெனச்சேன்" என்று சிரித்தான். பக்கத்துக் கடையில் நெருப்பு வாங்கி வந்தான்.

தெரிந்து கேட்டானா? தெரியாமல் கேட்டானா? அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. மா தின் தேநீரை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

அந்த நிமிஷம் நான் சொல்லியிருந்தால் அவன் மன்னித்திருப்பான். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தோளில் தட்டி, "விடுங்கண்ணே" என்று சொல்லி, இன்னொரு கிண்ணம் தேநீர் கொடுத்திருப்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை! வேலை போயும் சிரிக்கிறான். மனைவி பக்கத்தில் நிற்கிறாள், ஊரே கோ மாணிக்கம் என்கிறது. என்னை மன்னிக்கிற பெருமையும் அவனுக்கே போக வேண்டுமா?

பாருங்கள், மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் பொறாமைப்பட்டவன் நான்!

தேநீரைக் குடித்தேன். "விஷயம் ஒண்ணுமில்ல, சும்மா பார்த்துட்டுப் போக வந்தேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு தாமுவேப் பக்கம் நான் போகவில்லை.

இப்போது தினமும் காலையில் கிட்டங்கி வாசலில் காவல்காரரோடு நானும் நிற்கிறேன். மேஸ்திரியின் வேலை அது. ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் என் கையை விட்டுத் துழாவி, தீக்குச்சி இல்லையென்று பார்த்து உள்ளே அனுப்புகிறேன். கடைசி ஆளும் போனபின் நான் நுழைகிறேன்.

என்னை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. காவல்காரர் இன்றைக்கும் கும்பிட்டு வழி விடுகிறார்… "வாங்க சாமி."