வெர்லீனின் இரும்புத் தகடு

வெர்லீன் ஸ்டக்கியிடம் விதிப் புத்தகத்தைப் பற்றி மட்டும் வாய் கொடுத்துவிடக் கூடாது. கொடுத்தால் அன்றைய மதியம் போயிற்று. டுவில்லா ஊரில் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவள், ஐம்பத்தெட்டு வயது. ஒரு கையில் ரொட்டி, மறு கையில் எங்கள் உப்புவெளி வேகப் பந்தயத்தின் விதிப் புத்தகம், அப்படித்தான் சாப்பிடுவாள். நான் இருபது வருடமாக அந்த உப்பின்மேல் வண்டிகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகப் புறப்பட விடுகிறேன், சம்பளமில்லாமல். புத்தகத்தை முழுக்கப் படித்த வேறு ஆளை நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் தங்கள் வண்டிக்கு வேண்டிய பக்கத்தைப் படித்துவிட்டு மீதிக்குச் சண்டை போடுவார்கள்.

அவள் ஓட்டுவது 1953-ம் வருடத்துப் பிக்கப் லாரி. அந்த வகை வண்டிகளுக்கான பிரிவின் சாதனை பதினொரு வருடமாக டெல்மர் ஓக்ஸிடம் இருந்தது, மணிக்கு 141.306 மைல். டெல்மர் கலிஃபோர்னியாக்காரன். கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் வெர்லீன் வருவாள், ஒன்றிரண்டு மைலில் கோட்டை விடுவாள். டெல்மர் காத்திருந்து சொல்வான்:

"பரவால்ல வெர்லீன். ஸ்கூல் பஸ்ஸுன்னா ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னுதானே போகணும்."

ஒன்பது வருடம் இதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே வயிறு எரிந்தது.

உப்பில் சக்கரம் வழுக்கும். அதனால் எங்கள் ஆட்கள் வண்டியில் எடையைக் குறைக்க மாட்டார்கள், ஏற்றுவார்கள். அந்த வருடம் வெர்லீன் நானூறு பவுண்டு இரும்புத் தகடு ஒன்றை லாரியின் பின்தளத்துக்கு அடியில் பதினாறு போல்ட் போட்டு முடுக்கிக்கொண்டு வந்தாள். புத்தகத்தில் ஒரு பக்கம், எடை சேர்க்கலாம், வண்டியோடு இறுகப் பிணைத்திருக்க வேண்டும் என்கிறது. இன்னொரு பக்கம், இந்தப் பிரிவில் காற்றைத் திருப்பவோ வழுக்கிப் போகவிடவோ எந்தச் சாதனமும் கூடாது என்கிறது. அடியில் மட்டமாகப் போட்ட தகடு இதில் எந்தப் பக்கம்? குளிர்காலத்திலேயே பந்தயக் குழுவுக்குக் கடிதம் எழுதிக் கேட்டாள். 'கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம்' என்று பதில் வந்தது. அந்தக் குழு எதற்கும் எழுதுகிற பதில் அதுதான்.

செவ்வாய்க்கிழமை 143.118 மைல் போனாள். ஒரு ஓட்டம் போதாது. மறுநாள் விடிந்ததும் இன்னொன்று ஓட வேண்டும், இரண்டின் சராசரிதான் கணக்கு. அதுவரை வண்டி கயிறு கட்டிய அடைப்புக்குள் நிற்கும், நாலு மணி நேரம் மட்டும் அதில் கை வைக்கலாம். லாரி கயிற்றைத் தாண்டுவதற்குள் டெல்மரின் புகார்ச் சீட்டு தலைமைப் பரிசோதகர் ஆர்வல் பெக்ஸ்டெட் கைக்குப் போய்விட்டது.

ஆர்வல் மல்லாந்து வண்டிக்கடியில் நுழைந்து, பார்த்துவிட்டு, முதுகெல்லாம் உப்போடு எழுந்தார்.

"எடைக்குத்தான் போட்டேன் அண்ணே," என்றாள் வெர்லீன். "எதுக்காகப் போட்டதுன்னுதானே பாக்கணும்?"

"காத்து வந்து உன் மனசுல என்ன இருக்குன்னு கேட்டுட்டா போகும்?" என்றான் டெல்மர். "தகடு மட்டமா இருக்கு. வழுக்கிட்டுப் போகுது. அவ்வளவுதான்."

"ரெண்டு பேரு சொல்றதும் சரியாத்தான் இருக்கு. என் தலையெழுத்து," என்றார் ஆர்வல்.

வெர்லீன் குனிந்து தகட்டின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அடியில இருந்து கழட்டி மேல தளத்துல வைக்கிறேன். அதே எடை. நாளைக்கு இன்னைக்குப் போனதைவிட ஒரு நூல் குறைஞ்சாலும், காத்தை ஏமாத்தினேன்னு எழுதி இன்னைக்கு ஓட்டத்தைக் கிழிச்சுப் போடுங்க."

"சாதனையைத் தாண்டினா போதும்மா. இவ்வளவு கேக்கணும்னு புத்தகத்துல இல்லையே," என்றார் ஆர்வல்.

"கேக்கக்கூடாதுன்னும் இல்ல."

ஆர்வல் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அவள்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சும்மா 142 போனாலே சாதனை கையில். இந்தத் திமிரால் இப்போது சாதனையும் போகலாம், ஏமாற்றுக்காரி என்ற பெயரும் சேரலாம். அவளிடமே அதைச் சொன்னேன்.

"வெறும் நம்பர் எனக்கு வேண்டாம்," என்றாள். "அதைப் பாக்கும்போதெல்லாம் இவன் தகடு தகடுன்னு சொல்லிட்டே இருப்பான்."

போல்ட்டுகள் உப்பில் இறுகிப் போயிருந்தன. ஒன்றரை மணி நேரத்தில் நாலுதான் கழன்றன. அப்போது நாலடி இரும்புக் குழாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு டெல்மர் வந்தான். உப்பில் கருவி இல்லையென்று யாருக்கும் கை விரிக்கக் கூடாது. எழுதாத விதி அது, அதை மீறியவனை நான் பார்த்ததில்லை. பிடி நீளட்டுமென்று ஸ்பேனரில் குழாயைச் செருகி, புகார் கொடுத்தவனும் புகாருக்கு ஆளானவளும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து முக்கினார்கள்.

"இன்னும் அழுத்து. பஸ்ஸுக்கு டயர் மாத்தறதில்லையா நீ?"

"நீ வாயால அழுத்தறதை நிறுத்திட்டுக் கையால அழுத்து."

கடைசி போல்ட் கழன்று, ஜாக்கி வைத்துத் தகட்டை இறக்கியபோது, அதற்கும் தளத்துக்கும் நடுவிலிருந்து ஈர உப்பு பொதபொதவென்று கொட்டியது. இரண்டு வாளி இருக்கும். சக்கரம் வாரியடித்த உப்பு மொத்தமும் அங்கே போய் அடைந்து, வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. டெல்மர் அந்தக் குவியலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். குழாயைக் கீழே போட்டுவிட்டுத் தகட்டின் ஒரு முனையைப் பிடித்தான்.

தகட்டைப் பின்அச்சுக்கு நேர்மேலே வைத்து முடுக்கினோம். நேரம் முடிய ஒன்பது நிமிடம் இருந்தது.

மறுநாள் சூரியன் மலைக்குமேல் வந்ததும் அவளைப் புறப்பட விட்டது நான்தான். இடுப்புவாரை அவள் ஒருமுறைக்கு இருமுறை இழுத்துப் பார்த்தாள், நானும் பார்த்தேன். லாரி போய்ப் புள்ளியாகி மறைந்தது. டெல்மர் என் பக்கத்தில் நின்று தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தான். ரேடியோ கரகரத்துச் சொன்னது: 145.027.

அழுதேன். வெட்கமென்ன, அழுதேன். டெல்மர் என் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டான். வெர்லீன் வண்டியில் ரேடியோ கிடையாது, எட்டு மைலுக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் நின்றுகொண்டிருப்பாள்.

எங்களைப் பார்த்ததும் அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். டெல்மர்தான் இறங்கிப் போனான்.

"நூத்தி நாப்பத்தஞ்சு. புகார் குடுக்காம நான் பேசாம இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்," என்றாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஆர்வல் வந்து வண்டியை மறுபடி சுற்றிப் பார்த்து, படிவத்தில் சராசரி 144.072 என்று எழுதினார். கீழே, காற்றுச் சாதனம் என்ற இடத்தில், 'இல்லை'. வெர்லீன் கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினாள். போடாமல் படிவத்தை டெல்மரிடம் நீட்டினாள்.

"நீ படி. சத்தமா."

டெல்மர் என் ரேடியோவை வாங்கிக்கொண்டான். உப்புவெளி முழுக்கக் கேட்கும்படி அவள் பெயரைச் சொன்னான், வேகத்தைச் சொன்னான். கடைசி வரிக்கு வந்து, "காத்துச் சாதனம், இல்லை," என்றான். வரிசையில் நின்ற வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. அந்தச் சத்தத்துக்குள்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.