கூர் இல்லாத இரும்பு

ராஜேஸ்வரியை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நல்லது. இல்லாவிட்டால், கூட வேலை பார்க்கிறவன் தூக்கி வைத்துப் பேசுகிறான் என்று நினைப்பீர்கள்.

என் பெயர் சத்தியநேசன். சொந்த ஊர் திசையன்விளை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் காவலாளியாக நிற்கிறேன். ஆண்கள் வரிசை என்னுடையது, பெண்கள் வரிசை ராஜேஸ்வரியுடையது. உள்ளே போகிற ஒவ்வொருவரின் பையையும் திறந்து பார்க்க வேண்டும், உடம்பைச் சுற்றி மெட்டல் டிடெக்டரை ஓட்ட வேண்டும், ஆயுதம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் விட வேண்டும். ஆஸ்பத்திரிக்கு எதற்கு இந்தக் கெடுபிடி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்பதில்லை. வெட்டுப்பட்டுக் கட்டிலில் கிடப்பவனைத் தேடி, மிச்சத்தையும் முடித்துவிட்டுப் போக ஆள் வரலாம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் ராஜேஸ்வரி வேலைக்கு வந்ததற்குக் காரணம் ரவுடிகள் இல்லை. பிள்ளைத்தாய்ச்சிகள்.

எங்கள் பக்கத்தில் கர்ப்பிணிப் பெண் வெளியே கிளம்பினால் மடியில் ஒரு துண்டு இரும்பு இருக்க வேண்டும். பிள்ளை பிறந்துவிட்டால் அதன் தலைமாட்டிலும் இருக்க வேண்டும். காத்து கருப்பு அண்டாது என்பது நம்பிக்கை. இதில் மத பேதமெல்லாம் பெரிதாகக் கிடையாது. என் மனைவியே ஜெபம் முடித்து ஆமென் சொன்ன கையோடு தலையணைக்கு அடியில் பாக்குவெட்டியைச் செருகியவள்தான். ஆகவே எங்கள் பெண்கள் வரிசையில் பேனாக்கத்தியும் பாக்குவெட்டியும் தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. பெண்களின் மடியைச் சோதிப்பதாவது என்று எல்லோரும் கண்டும் காணாமல் இருந்தோம். நானும்தான்.

அப்படி ஒரு நாள் ஒரு கதிர் அரிவாள் பிரசவ வார்டுக்குள் போனது. பிள்ளையின் தலைமாட்டில் வைக்க, ஒரு பாவமும் அறியாத அத்தைக்காரி ஒருத்தி துணியில் சுற்றிக் கொண்டுபோனது. மறுநாள் பிள்ளைக்கு யார் வீட்டுப் பெயரை வைப்பது என்று தகப்பனுக்கும் தாய்மாமனுக்கும் வாய்த் தகராறு வந்தது. தகப்பன் கைக்கு எட்டியதை எடுத்துவிட்டான். மாமன்காரனுக்கு இன்றுவரை வலது கையில் விரல் மடங்காது. அதன் பிறகுதான் பெண்கள் வரிசைக்குத் திரை கட்டி, மேசை போட்டு, ஒரு பெண் காவலாளி வேண்டும் என்று தேடினார்கள்.

வந்தவர் ராஜேஸ்வரி. ஒரு காலத்தில் ஆற்றோரம் வயல் வைத்திருந்த சைவக் குடும்பம். டவுனில் பாத்திரக் கடை வைத்திருந்த கணவர் மாரடைப்பில் போய்விட்டார், கடையும் போய்விட்டது. மகள் சுப்ரியா கல்லூரி முடிக்கிற சமயம். நம்ம வீட்டுப் பொம்பளை கேட்டில் நிற்கிறதா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்களில் ஒருவரும் வேறு வேலை வாங்கித் தரவில்லை.

முதல் வாரம் வாசலில் ஒரே களேபரம். ராஜேஸ்வரி ஒருத்தியையும் விடவில்லை. எடுத்த கத்தியெல்லாம் மேசை இழுப்பறைக்குள் போயிற்று. பெண்கள் சபித்தார்கள். மேலப்பாளையத்திலிருந்து வரும் ரைஹானத் என்ற நிறைமாதக்காரி, பேனாக்கத்தியைப் பறிகொடுத்த பிறகு உள்ளே போக மறுத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். இரும்பு இல்லாமல் அந்த வாசலைத் தாண்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. "ஒரு சின்னக் கத்தி. குடுத்து அனுப்பும்மா, பாவம்" என்றேன். ராஜேஸ்வரி கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவே இல்லை.

மறுநாள் காலை ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். அதற்குள் முழுக்கப் பழைய இரும்புச் சாவிகள். உமர் பாரூக் என்பவரின் பழைய இரும்புக் கடையில் குவியலைக் கிளறிப் பொறுக்கியது. ரைஹானத்தும் திரும்ப வந்திருந்தாள். அவள் கையில் ஒரு சாவியை வைத்து ராஜேஸ்வரி கேட்டார்.

"இரும்புதான உன்னயக் காக்கும்? கூருமா காக்கும்?"

ரைஹானத் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சாவியை மடியில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அன்று முதல் அதுதான் எங்கள் வாசலின் சட்டம். கூரானது மேசையில், கூர் இல்லாதது மடியில். திரும்பும்போது சாவியைக் கொடுத்துவிட்டு அவரவர் பொருளை வாங்கிக்கொள்ளலாம். சாபம் நின்றுபோனது. என் கோபமும் நின்றுபோனது.

இப்படி இருக்கையில் சுப்ரியாவுக்கு வரன் வந்தது. கொண்டுவந்தவர் ராஜேஸ்வரியின் கொழுந்தன் நடராஜ். மாப்பிள்ளை அம்பலவாணன், வங்கியில் வேலை. அவன் தாயார் சொர்ணாம்பாள் டவுனில் நல்ல மதிப்புள்ள அம்மாள். பெண் பார்த்துப் பிடித்துப்போய், பூ வைக்க நாளும் பேசியாயிற்று. சுப்ரியாவுக்கு அவனை மிகவும் பிடித்திருந்தது. போன் மணி அடித்தால் அடுக்களையிலிருந்து ஓடுகிறாள் என்று ராஜேஸ்வரி சிரித்துக்கொண்டே சொல்வார். மகள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆயிற்று, இந்த இடம் எப்படியாவது கைகூடிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஏக்கம்.

ஒரு நாள் நடராஜ் வாசலுக்கு வந்தார். முகம் சரியாக இல்லை.

"மதினி, சொர்ணாம்பா அம்மாவோட மூத்த மருமக மாசமா இருக்கா, அவளுக்கு இந்த ஆஸ்பத்திரியிலதான் பாக்குதாவளாம். வெள்ளிக்கிழமை வாராவ. நீங்க அன்னைக்கு லீவு போட்டுருங்க."

"எதுக்கு?"

"நீங்க உள்ள ஆபீசுல பொறுப்புல இருக்கியன்னு நான் சொல்லி வச்சிருக்கேன்."

ராஜேஸ்வரி ஒரு பையைப் பார்த்து முடித்து, அதன் வாரைச் சரிசெய்து, உரியவளிடம் கொடுத்தார். "சொன்னது நீங்க. நீங்களே போயி மாத்திச் சொல்லுங்க" என்றார்.

நடராஜ் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லப்படாதா?"

நானும் சொல்லிப் பார்த்தேன். "ஒரு நாள்தானம்மா. பொண்ணு வாழ்க்கைல்லா."

"ஒரு நாள் ஒளிஞ்சா ஆயுசுக்கும் ஒளியணும் அண்ணாச்சி. சுப்ரியாவும் எங்கூடச் சேந்து ஒளியணும்" என்றார் ராஜேஸ்வரி.

வெள்ளிக்கிழமை நல்ல கூட்டம். சொர்ணாம்பாளும் அவருடைய மூத்த மருமகளும் வரிசையில் வந்தார்கள். காக்கிக் கோட்டில் நின்ற ராஜேஸ்வரியைப் பார்த்ததும் சொர்ணாம்பாள் ஒரு நிமிஷம் தயங்கினார்.

"நீங்க இங்கனயா நிக்கிய?"

"ஆமா மதினி. இதுதான் என் வேலை."

சம்பந்திப் பெண்கள் எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் மதினி என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். சொர்ணாம்பாள் பெரிய மனுஷி. அந்த ஒரு நிமிஷத்தில் அதிர்ச்சியை விழுங்கிவிட்டு, "அதனால என்ன, நம்ம ஆளு ஒருத்தி வாசல்ல இருக்கது நல்லதுதான்" என்று சிரித்தார். எனக்குப் போன உயிர் வந்தது. சிரித்தபடியே மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு மேசையைத் தாண்டி நடந்தார்.

"மதினி, பையை இங்கன வைங்க" என்றார் ராஜேஸ்வரி.

"என் பையையா?"

"எல்லாரு பையையும்தான்."

பைக்குள் பாக்குவெட்டி இருந்தது. வெள்ளிப் பூண் போட்ட பழைய காலத்துப் பாக்குவெட்டி. சொர்ணாம்பாளின் முகம் சிவந்துவிட்டது. "அது எங்க மாமியா குடுத்தது. எங்க வீட்டுப் பிள்ளைகள்லாம் அது தலைமாட்டுல இருந்துதான் பொழைச்சு வந்துச்சு."

"பத்திரமா வச்சிருப்பேன் மதினி. போகையில வாங்கிக்கிடுங்க. இப்ப இந்தச் சாவியை வச்சுக்கிடுங்க."

"கண்டவ மடியில கெடந்த இரும்பை எம் மருமக மடியில வைக்கவா?"

வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. சொர்ணாம்பாளுக்கு அடுத்து நின்றவள் ரைஹானத். பிறந்த பிள்ளைக்கு ஊசி போட வந்திருந்தாள். தோளில் பிள்ளை, கையில் திறந்து வைத்த பை. ராஜேஸ்வரி அவளை ஒரு தரம் பார்த்தார். நான் கண்ணாலேயே ராஜேஸ்வரியைக் கெஞ்சினேன். விட்டுவிடம்மா, தலை போகிற காரியமா, மகளை நினைத்துப் பார். என் வரிசையாக இருந்திருந்தால் எப்போதோ விட்டிருப்பேன். ஆனால் அவர் சாவியை நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"அத்தை, நேரமாவுது" என்று மருமகள் பைய முணுமுணுத்தாள். இரும்பு இல்லாமலே, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உள்ளே போனாள். சொர்ணாம்பாள் பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். மருமகள் வெளியே வரும்வரை காரிலேயே மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலமே நடராஜ் வந்துவிட்டார். ஊரெல்லாம் தெரிந்துவிட்டதாம். பிள்ளைத்தாய்ச்சியை வெறும் மடியோடு அனுப்பிய வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்கிறார்களாம். நேரில் போய் மன்னிப்புக் கேட்டு, வேலையையும் விட்டுவிட்டால் பேசிப் பார்க்கலாமாம்.

"அவங்க மனசு நோவுற மாதிரி நின்னதுக்கு எத்தனை தரம் வேணும்னாலும் மன்னிப்புக் கேக்கேன். பையைப் பாத்ததுக்குக் கேக்க மாட்டேன். வேலையையும் விட மாட்டேன்" என்றார் ராஜேஸ்வரி.

அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அம்பலவாணனின் போனும் வரவில்லை. சுப்ரியா அம்மாவை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, ஆனால் சரியாகச் சாப்பிடவும் இல்லை. "திட்டித் தொலைச்சா நல்லா இருக்கும் அண்ணாச்சி. பேசாமல்லா இருக்கா" என்று ராஜேஸ்வரி ஒரு மத்தியானம் சொன்னார். சோற்று டப்பாவைத் திறந்தவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பிறகு மூடிவிட்டு எழுந்து வரிசைக்குப் போனார். எனக்கு அவர்மேல் பரிதாபமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. இவ்வளவு வேதனைப்படுகிறவர் கொஞ்சம் வளைந்து கொடுத்தால் என்ன என்று தோன்றியது. ஆனால் என் வரிசையில் தெரிந்த முகங்களை விடுவதை நான் நிறுத்திவிட்டேன். அவர் பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் செய்ய வெட்கமாக இருந்தது.

ஆடி மாதக் காற்று சுழற்றி அடித்த ஒரு பகலில் அந்தக் கார் மறுபடி வந்தது. மருமகளுக்கு வலி கண்டுவிட்டது. அவளை அவசரப் பிரிவு வழியாகத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கணவன் கூடவே ஓடினான். சொர்ணாம்பாள் மட்டும் பிள்ளைத் துணிகள் அடைத்த பையைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வரிசைக்கு வந்தார். தலை கலைந்திருந்தது. வரிசையில் நின்றவர்கள் தாங்களாகவே வழிவிட்டார்கள்.

இன்றைக்குமா பார்ப்பார் என்று நான் நினைத்தேன். சொர்ணாம்பாள் பையை மேசையில் வைத்தார். ராஜேஸ்வரி அவசரமாகத்தான் பார்த்தார், ஆனால் அடிவரை பார்த்தார். பழைய வேட்டித் துணி, துண்டு, ஃபிளாஸ்க். பாக்குவெட்டி இல்லை.

"போகலாம் மதினி."

சொர்ணாம்பாள் போகவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வறண்ட உதட்டை நனைத்துக்கொண்டு, "அந்தச் சாவி இருக்கா?" என்று கேட்டார்.

ராஜேஸ்வரி டப்பாவைக் கிளறிப் பெரிய சாவியாக ஒன்றை எடுத்தார். துருவை முந்தானையில் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "நல்லபடியா பெத்துப் பொழைச்சு வருவா மதினி. தைரியமாப் போங்க."

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். அவர்கள் வீட்டுக்குக் கிளம்பிய நாளில் சாவி மட்டும் திரும்பி வரவில்லை. "சட்டம்னா சட்டம்னு சொல்லுவியளே, கேட்டு வாங்குங்க" என்று ராஜேஸ்வரியைச் சீண்டினேன்.

"பச்சப்பிள்ளை தலைமாட்டுல இருந்து எடுக்கவா சொல்லுதிய? கெடக்கட்டும்" என்றார். அந்த வாசலில் அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒன்றைத்தான்.

பிள்ளைக்குத் தீட்டுக் கழிந்த சில நாளில் நடராஜ் மூச்சு வாங்க வந்தார். பூ வைக்க வருகிறார்களாம். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். "மதினி, வேலையை விட்டாச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பொறவு பாத்துக்கிடலாம்" என்றார். ராஜேஸ்வரி அடுத்த பையைத் திறந்து பார்க்கத் தொடங்கினார்.

பூ வைக்கிற அன்று ராஜேஸ்வரி வீட்டுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பழக்க தோஷம், நான் வாசல் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். உள்ளே சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். கார் வந்து நின்றது. அம்பலவாணன் இறங்கினான். தாம்பாளத்தோடு பெண்கள் இறங்கினார்கள். கடைசியாகச் சொர்ணாம்பாள் இறங்கி வந்து, படியேறாமல் நின்று, தன் கைப்பையை அகலத் திறந்து ராஜேஸ்வரியின் முன்னால் நீட்டினார்.

"பாத்துக்கிடுங்க மதினி."

குத்திக்காட்டத்தான் இவ்வளவு தூரம் வந்தாரா என்று எனக்கு ரத்தம் கொதித்தது. வேறு யாராக இருந்தாலும், ஐயோ இதெல்லாம் எதுக்கு மதினி என்று கூசிப்போய்க் கையைக் கட்டியிருப்பார்கள். ராஜேஸ்வரி கையை விட்டார். ஆஸ்பத்திரி வாசலில் செய்வதைப் போலவே அடிவரை விட்டார். வெளியே எடுத்தபோது கையில் அந்தச் சாவி இருந்தது. அதன்மேல் மஞ்சள் நூல் நெருக்கமாகச் சுற்றியிருந்தது.

"பிள்ளை கையில துரு படக்கூடாதுன்னு நூலு சுத்துனேன்" என்றார் சொர்ணாம்பாள். "நாளைக்கு வேலைக்குப் போகையில மறந்துராம டப்பாவுல போட்டுருங்க. எவளாவது ஒருத்தி வந்து கேப்பா."

ராஜேஸ்வரியின் கண் நிறைந்துவிட்டது. உள்ளே கதவுக்குப் பின்னால் சுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ராஜேஸ்வரி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டார்.

"எல்லாம் சரியா இருக்கு மதினி. உள்ள வாங்க."