ஒரு மா நிலத்தில் குதிரை

அறுபது வயது முடிவதற்குள் பெங்களூர்ப் போட்டியில் மீடியம் நிலை டிரெஸ்ஸாஜில் இறங்கி, அறுபத்தைந்து சதவீதம் வாங்கிக் காட்டுகிறேன் என்று நான் அறிவித்தது ஐம்பத்தேழு வயதில், என் விருப்ப ஓய்வு விருந்தில். வங்கியில் உடன் வேலை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. என் கணவர் மட்டும் கைதட்டவில்லை. திரும்பி வரும்போது காரில், "சொன்னதுதான் சொன்ன, கொஞ்சம் சின்னதா சொல்லியிருக்கலாம்ல?" என்றார். வீடு வரும்வரை அவரோடு நான் பேசவில்லை.

டிரெஸ்ஸாஜ் என்றால் ஓட்டப் பந்தயமும் இல்லை, தடை தாண்டுவதும் இல்லை. அறுபது மீட்டர் நீளம், இருபது மீட்டர் அகலமுள்ள தரையில், ஓரத்தில் வைத்திருக்கும் எழுத்துகளைக் குறியாகக் கொண்டு குதிரையை நடக்க, ஓட, வட்டமிட, பக்கவாட்டில் நகர வைக்க வேண்டும். நடுவர் ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று போடுவார். மேலே உட்கார்ந்திருப்பவர் எதையும் செய்வதாகவே தெரியக் கூடாது. அப்படித் தெரியாமல் இருக்க இடுப்பும் முதுகும் படும் பாடு ஏறியவர்களுக்குத்தான் தெரியும். நான் முதன்முதலில் ஏறியபோது எனக்கு நாற்பத்தெட்டு. பெங்களூருக்கு மாற்றலாகிப் போயிருந்தேன். மூட்டுவலிக்கு நல்லது என்று நீச்சல் கற்கப் போனவள், பக்கத்து மைதானத்துக் குதிரைகளைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன்.

ஓய்வுக்குப் பின் தஞ்சாவூருக்கு வெளியே, கணவரின் நிலத்தை ஒட்டிய வீட்டுக்கு வந்தோம். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த செம்பழுப்புக் குதிரை ஒன்றும் லாரியில் எங்களோடு வந்தது. மாடு நின்ற கொட்டகையில் அதைக் கட்டினோம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டு ஆட்கள் வந்தார்கள். கிடைக்காது என்றால், "பின்ன எதுக்குங்க வச்சிருக்கீங்க?" என்பார்கள். பதில் நீளம் என்பதால் சும்மா பொழுதுபோக்குக்கு என்று சொல்லிவைப்பேன்.

மைதானத்துக்கு இடம் அளந்தபோது ஒன்று தெரிந்தது. அறுபதுக்கு இருபது என்பது கிட்டத்தட்ட எங்கள் ஊர்க் கணக்கில் ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. நன்செய்க்கு நடுவே ஒரு மாவைத் தரிசாகப் போடுங்கள் என்று நான் சொன்னதும், எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்பவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கணவர்தான் வாயைத் திறந்தார்.

"நாலு பக்கமும் நட்டுத் தண்ணி கட்டியிருப்பாங்க. நடுவுல உனக்கு மட்டும் எப்படித் தரை காயும்?"

"மண்ணு கொட்டி மேடாக்கினா?"

"ஆக்கிப் பாரு."

ஆக்கிப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் சம்பா நட்டு நீர் கட்டியதும் என் மேட்டுக்குள் அடியிலிருந்து கசிவு ஏறியது. ஐப்பசி மழையில், எழுத்து எழுதி வைத்திருந்த பெயிண்ட் டப்பாக்கள் மிதந்து, 'பி' என்ற டப்பாவை யாரோ ஒருவர் மதகடியில் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த மாதங்களில் ஆற்றங்கரைதான் கதி. கரையில் நேராகப் போகலாம், நேராகத் திரும்பி வரலாம். வட்டம் போட வழியில்லை. அறுவடை முடிந்து ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போதாவது யாருடைய வயலிலாவது இறங்கலாம் என்றால், அறுப்புக்கு முன்பே தெளித்த உளுந்து அதற்குள் முளைத்திருக்கும். உளுந்தில் குதிரையை இறக்கினால் ஊர் என்னைச் சும்மா விடாது.

இப்படியே இரண்டு வருடம் போனது. தரை கொஞ்சம் இறுகிய நாட்களில் கணவர் வரப்பில் நின்று, செல்போனைப் பார்த்து, அடுத்து எந்த எழுத்து என்று பஸ் கண்டக்டர் நிறுத்தம் சொல்வது போலக் கூவுவார். நான் மோட்டார் கொட்டகைப் படியில் நின்று ஏறுவேன். ஏறிய பத்தாவது நிமிடம் வலது இடுப்பில் ஆணி இறங்கும். பெங்களூரிலிருக்கும் பயிற்சியாளர், என் வயதில் பாதிகூட இல்லாத பெண், வீடியோவைப் பார்த்துத் திருத்தம் சொல்வார். எல்லாம் ஒருவழியாக வந்தது, ஹாஃப் பாஸ் மட்டும் வரவில்லை. குதிரை கால்களைக் குறுக்கே மாற்றி மாற்றிப் போட்டு, முன்னேயும் பக்கத்திலேயும் ஒரே சமயத்தில் நகரும் நடை அது. மீடியத்தில் அது இல்லாமல் ஆகாது. என் குதிரை தலையைத் தூக்கி, பல்லைக் கடித்து, நண்டு மாதிரி இழுத்துக்கொண்டு போகும். தரை வழுக்குகிறது என்பேன். ஈரம் என்பேன். பந்தயக் குதிரைக்குப் புத்தி ஓட்டத்தில்தான் என்பேன். குதிரைக்கு வயதாகிவிட்டது என்றுகூடச் சொன்னேன்.

தை மாதம் அந்தப் பெண் நேரில் வந்தார். "தரையை நீங்களே பாருங்க" என்று நான்தான் வற்புறுத்தி அழைத்திருந்தேன். மைதானத்தைச் சுற்றி நடந்தார், குதிகாலால் மண்ணைக் குத்திப் பார்த்தார். "நான் ஒரு தடவை ஏறிப் பாக்கவா மேடம்?" என்றார்.

தரையில் நின்றபடியே சேண வளையத்தில் காலை வைத்து ஏறிவிட்டார். இரண்டு சுற்று நடை, இரண்டு சுற்று ஓட்டம். மூன்றாவது சுற்றில் மூலையிலிருந்து திருப்பினார். குதிரை கழுத்தை வளைத்து, காதுகளை அவர் பக்கம் சாய்த்து, அந்த ஈரத்தில் சளக் சளக் என்று காலைக் குறுக்கே போட்டபடி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மிதந்து போனது. என் தரையில், என் கசிவில், என் குதிரை. வரப்பில் நின்ற கணவர் எழுத்தைக் கூவ மறந்துவிட்டார்.

"இது நம்ம குதிரையா?" என்றார் என்னிடம்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பெண் இறங்கி வந்தார். "நல்ல குதிரை மேடம். தரையும் அவ்வளவு மோசமில்ல."

"அப்ப நான்தானா?"

அவர் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். "உங்க வலது இடுப்பு பூட்டிக்குது. இந்தப் பக்கம் போன்னு கால் சொல்லுது, போகாதேன்னு இடுப்பு சொல்லுது. அது பாவம், ரெண்டையும் கேட்டுக் குழம்புது."

"பழகப் பழக வந்துடுமா?"

"சின்ன டெஸ்டெல்லாம் தாராளமா பண்ணலாம் மேடம்."

"நான் மீடியத்தைக் கேட்டேன்."

"அது வராது மேடம்," என்றார். அறுபதுக்குள்ளா, அதற்குப் பிறகா என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவரை ரயிலேற்றிவிட்டு வந்து கொட்டகையில் நின்றேன். குதிரை கொள்ளு தின்றுகொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, பொறாமையாக இருந்தது. இரண்டு வருடமாக ஒரு வாயில்லாப் பிராணியின் மேல் பழியைப் போட்டிருக்கிறேன். எலும்புத் தேய்மானத்துக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லை என்பது தெரிந்தும், மண்ணில்தான் கோளாறு என்று மண்ணைக் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஆசைப்பட வயது ஒரு தடையில்லை என்று விருந்துக்கு விருந்து சொல்கிறார்கள். ஆசைப்படத் தடையில்லைதான். சொன்ன எவரும் என் இடுப்பில் இருந்து பார்க்கவில்லை.

குதிரைக்கும் இனி நல்ல வருடங்கள் அதிகமில்லை. என் காலம் போகிறதே என்று புலம்பிக்கொண்டே அதன் காலத்தையும் தின்றுகொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடமே அதைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். மாசியில் வந்த லாரியில் அது தயங்காமல் ஏறியது. அந்தப் பெண்ணே போட்டியில் அதை ஓட்டினார். வீடியோ அனுப்பினார். அறுபத்தாறு சதவீதம். சந்தோஷம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. வாழ்த்துச் செய்தி மட்டும் அனுப்பினேன்.

புரட்டாசியில் குத்தகைக்காரர் வந்து, "அந்த ஒரு மா சும்மாதானே கெடக்கு, என்னங்கம்மா செய்யறது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நட்டுக்கொள்ளச் சொன்னேன். மேட்டை வெட்டி வரப்புக்கு அணைத்தார்கள். டப்பாக்களில் கணவர் கறிவேப்பிலை வைத்தார். நடவு முடிந்தது தெரிந்தும் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் குத்தகைக்காரரே வற்புறுத்தி அழைத்துப் போனார். கணவரும் கூட வந்தார். சுற்றிலும் பயிர் பச்சையாக நின்றது, நடுவில் அறுபதுக்கு இருபது மட்டும் தனியாகக் கறுத்து, ஒரு சாண் உயரமாக நின்றது.

"பாருங்கம்மா, எப்படிக் கறுப்புக் கட்டி நிக்குதுன்னு! ஒரு பிடி யூரியா போடல. எல்லாம் உங்க குதிரை போட்ட லத்திதான்."

கணவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நுழைந்ததும் நிற்க வேண்டிய நடுப்புள்ளிக்குப் போட்டியில் எழுத்து வைக்க மாட்டார்கள், கண்ணளவில்தான் பிடிக்க வேண்டும். எனக்கு அது தூக்கத்திலும் தெரியும். அன்றைக்குப் பயிருக்குள் தேடினேன், எங்கே என்று தெரியவில்லை.

"அறுத்ததும் இந்த மா நெல்ல மட்டும் தனியா எடுத்து வைக்கட்டுங்களா? வீட்டுச் சாப்பாட்டுக்கு நல்லாருக்கும்," என்றார் குத்தகைக்காரர்.

"வேண்டாம். எல்லாத்தோடயும் சேத்துக் கொட்டிடுங்க," என்றேன்.