இரண்டு சீட்டை ஒன்றாகத் தூக்குவது

எனக்கு ஒரே ஒரு சீட்டு வித்தை தெரியும். கட்டின் மேலிருந்து ஒரு சீட்டை எடுப்பதுபோல இரண்டு சீட்டை எடுத்துக் காட்டுவது. என் கணவருக்கு இது தெரியாது. மறைக்க வேண்டும் என்றில்லை. சொல்ல ஆரம்பித்தால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும், அதைச் சரியாகச் சொல்வேனா என்ற சந்தேகம்தான்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. ஜெயங்கொண்டத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். லோடு ஏற்ற முறை வரும்வரை டிரைவர்கள் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். லாரி நிழலில் துண்டை விரித்துச் சீட்டாடுவார்கள். அப்பாவும் ஆடினார். எங்கள் மொபெட் அப்படித்தான் போனது. அதற்காக அம்மா என்னை அழைத்துக்கொண்டு அரும்பாவூரில் இருந்த தன் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா அங்கே வந்து, என் தலையில் கை வைத்து, இனிமேல் சீட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தபிறகே திரும்பினோம். இன்னொரு தடவை தொட்டால் திரும்பி வரமாட்டேன் என்று அம்மா சொன்னாள். சத்தியத்தை மீறினால் அதன் பலன் யாருக்கு என்று எனக்கு யாரும் விளக்கவில்லை. ஆனாலும் தெரிந்தே இருந்தது. சில நாள் தலைவலி வந்தாலே அப்பாவைத்தான் பார்ப்பேன்.

அப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டு நான் சீட்டு வித்தை கற்றுக்கொண்டேன்.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பு பள்ளிக்கூடத்துக்கு ஒரு மேஜிக்காரர் வந்தார். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார், காலில் ரப்பர் செருப்பு. புறா வரும் என்று எதிர்பார்த்தோம், வரவில்லை. கடைசியில் சீட்டுக்கட்டை எடுத்தார். மேல் சீட்டைத் திருப்பிக் காட்டினார், சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ராணி. கவிழ்த்து, அதை எடுத்துக் கட்டின் நடுவில் செருகினார். விரலால் ஒரு தட்டு. மறுபடி மேல் சீட்டைத் திருப்பினால் அதே ராணி. பள்ளிக்கூடமே கத்தியது. எங்கள் வகுப்புப் பெண்களை மேடைக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் இருந்தவர்களுக்கு ஒரு சீட்டு தெரிந்தது. எனக்கு அதன் விளிம்பு தெரிந்தது. அதில் இரண்டு கோடுகள் இருந்தன. அவர் காட்டிய ராணி இரண்டாவது சீட்டு. நடுவில் செருகியது வேறு ஏதோ ஒன்று. கண்டுபிடித்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிடப் படபடப்புதான் வந்தது. செய்து பார்த்தே தீர வேண்டும்.

சீட்டு வேண்டுமே. அடுத்த தெருவில் ஒரு பெரியவருக்குக் கருமாதி நடந்தது. கருமாதிப் பந்தலில் ஆண்கள் பகல் முழுக்கச் சீட்டாடுவார்கள். சாப்பாடு முடிந்து பந்தலைப் பிரிக்கும்போது, இலைகளோடு சேர்ந்து மூலையில் கிடந்த சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டேன். முப்பத்தொன்று தேறியது. சாவு வீட்டுப் பொருளை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தெரியும். அதனால் கொண்டுவந்ததை யாருக்கும் காட்டவில்லை. புத்தகப் பையின் அடியில், அட்டைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

கட்டை இடது உள்ளங்கையில் பிடிக்க வேண்டும். வலது கட்டைவிரல் நுனியால் பின்பக்க ஓரத்தில் இரண்டு சீட்டை மட்டும் மெல்ல உயர்த்தி, அந்த இடுக்கில் இடது சுண்டுவிரலின் சதையைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு இரண்டையும் ஒன்றுபோலத் திருப்புவது எளிது. எளிது என்று இப்போது எழுதுகிறேன். முதல் வாரம் முழுக்க மூன்று வந்தது, அல்லது ஒன்று வந்தது, அல்லது இரண்டும் விசிறிபோல விரிந்தது. பழைய சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டின. அம்மாவின் பவுடரை எடுத்துத் தூவினேன். அரையாண்டு விடுமுறையில், அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும் நேரங்களில், வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பழகினேன். சுண்டுவிரல் மரத்துப்போகும். என் கையை நானே பார்க்காமல் இருக்கப் பழகியதுதான் எல்லாவற்றிலும் கடினம். நான் பார்த்தால் எதிரில் இருப்பவரும் அதையே பார்ப்பார் என்று என் சிநேகிதியிடம் காட்டியபோது புரிந்தது. நாலாவது முறை அவளுக்குத் தெரியவில்லை. "ஏய், பேய்ச் சீட்டுடி இது. என்னத் தொடாத" என்று எழுந்து போய்விட்டாள்.

இந்த வித்தைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருப்பதையும், சீட்டு வித்தை கற்பவர்களுக்கு இதுதான் அரிச்சுவடி என்பதையும் கல்லூரியில் படிக்கும்போது யாரோ ஃபோனில் காட்டிய வீடியோவில் பார்த்தேன்.

காணும் பொங்கலுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போனோம். பெரியம்மா குடும்பமும் வந்திருந்தது. கோயில் புல்வெளியில் ஊரே பாய் விரித்து உட்கார்ந்திருந்தது. அம்மா புளிசோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். நான் சீட்டை எடுத்துப் போயிருந்தேன். எடுத்துப் போகாமல் இருந்திருக்கலாம். அப்பாவும் அம்மாவும் இருக்கும் இடத்தில் சீட்டைக் காட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லையா என்று பிற்பாடு பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்தேன் என்றுதான் நினைக்கிறேன். நன்றாகச் செய்தால் திட்டமாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

நன்றாகத்தான் செய்தேன். பெரியம்மா பிள்ளைகள் மூன்று முறை செய்யச் சொன்னார்கள். பெரியப்பா இலையை விட்டு எழுந்து வந்து பார்த்தார்.

"அடி ஆத்தி! கையப் பாரு இவ கைய. அப்பன் கை அப்பிடியே வந்திருக்கு" என்றார். அப்பா பக்கம் திரும்பி, "என்ன சகல, ட்யூசன் எப்பலேருந்து ஆரம்பிச்சீங்க? சொல்லவே இல்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் பாதி சிரித்தார். அம்மாவின் கரண்டி நின்றது.

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

"யாருமில்ல."

"யாருமில்லாம கைக்குத் தானா வருமா? சீட்டு ஏது?"

பதில் எனக்குத் தெரியும். கருமாதிப் பந்தல் என்று சொன்னால் போதும். ஆனால் போகிக்கு வீட்டை வெள்ளையடித்து, பழசையெல்லாம் வெளியே எறிந்து, குளித்து முழுகித்தான் அம்மா பொங்கல் வைத்திருந்தாள். அப்போது அந்தச் சீட்டு என் பைக்குள் சாமி படத்துக்கு நேர் கீழே இருந்தது. தீட்டை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு பொங்கல் வைக்கவிட்டாய் என்று அம்மா கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அந்த நிமிஷத்தில் என் கவலை. வேறெதுவும் தோன்றவில்லை. நான் வாயைத் திறக்காமல் அப்பாவைப் பார்த்தேன். காப்பாற்றுவார் என்றுதான் பார்த்தேன். அம்மா அந்தப் பார்வையை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்.

"இங்க வாங்க" என்றாள் அப்பாவிடம். "புள்ள தலையில கை வெச்சுச் சொல்லுங்க. அன்னைக்கி அப்புறம் தொடலன்னு."

"ஊரே பாக்குதுடி. வூட்டுல போயி பேசிக்க" என்றாள் பெரியம்மா.

"பாக்கட்டும்."

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்தார். என் தலைக்கு மேலே கை வந்தது. எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத டீசல் வாசனை வந்தது. வகிட்டில் கையின் சூடுகூடத் தெரிந்தது என்று நினைவு. அது நானாகச் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். கை தொடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

"நாந்தான் சொல்லிக் குடுத்தேன். விடு" என்றார்.

அம்மா மீதிப் புளிசோற்றை மூடி வைத்தாள். மறுநாள் காலை நானும் அவளும் அரும்பாவூர் பஸ் ஏறினோம். ஐந்தாம் வகுப்பின் மிச்சத்தை அங்கேதான் படித்தேன். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வாசலில் நாற்காலி போடுவார்கள், காபி கொடுப்பார்கள். என் பரீட்சை மார்க்கைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். சீட்டுகளை நான் முதல் வாரமே அங்கிருந்த ஒரு பாழுங்கிணற்றில் போட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் பொறுத்து, பயத்தைக் கட்டிவைக்க முடியாமல், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேஜிக்காரர், விளிம்பு, கருமாதிப் பந்தல், பவுடர். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"சரி" என்றாள்.

"அப்பா சொல்லிக் குடுக்கலம்மா."

"யாரு சொல்லிக் குடுத்தா என்ன? அவரு கைய எடுத்துட்டாருல்ல. நான் அதப் பாத்தேன்."

கோடை விடுமுறை முடியும்போது திரும்பிப் போனோம். ஏன் என்று தெரியாது. ஆறாம் வகுப்புச் சேர்க்கை காரணமாக இருக்கலாம். யாரும் யாரிடமும் சத்தியம் கேட்கவில்லை.

கல்லூரி முடிக்கும்வரை நானும் அம்மாவின் பக்கம்தான் இருந்தேன். அவர் ஆடிக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் கை வைக்க முடியவில்லை. சொல்லிக் கொடுத்தேன் என்ற சின்னப் பொய்யால் பெரியதை மூடினார். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று தோன்றியது.

போன மாதம் என் மகளுக்குக் காய்ச்சல். ஐந்து வயது. சிரப்பை அளந்து கொடுத்து, காலண்டர் ஓரத்தில் நேரத்தைப் பென்சிலால் குறித்தும் வைத்தேன். இரண்டு மணி நேரமாகியும் சூடு இறங்கவில்லை. மாமியார் கேட்டார். "முழுசா குடுத்தியாம்மா?" கொடுத்தேன் என்றேன். "எங்க, புள்ள தலையில கை வெச்சுச் சொல்லு" என்றார். அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, பேச்சு வழக்கில் வந்ததுதான். கொடுத்தது உண்மை. ஆனால் கை போகவில்லை. இரண்டு சொட்டு மூடியில் நின்றிருந்தால்? கடைவாயில் வழிந்ததை நான் கவனிக்காமல் துடைத்திருந்தால்? மகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நெற்றிக்கு மேலே கையைக் கொண்டுபோய், போர்வையை இழுத்துவிடுவதுபோல மாற்றிக்கொண்டேன். மாமியார் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

அப்பா இப்போதும் வருகிறார். பேத்திக்கு முந்திரிப்பழம் வாங்கி வருவார். கேட்டால் சொல்லிவிடுவார் என்றே நினைக்கிறேன். நான் கேட்கவில்லை.

அன்று புல்வெளியில் எனக்கு இதில் எதுவும் தெரியாது. அவர் ஆடினாரா, ஆடாமலேதான் பயந்தாரா என்ற கேள்வியே எழவில்லை. என்னைத் திட்டு வாங்காமல் காப்பாற்றத்தான் அப்பா கையை எடுத்தார் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது.