ஜன்னலுக்குச் சாக்கு

1945இல், ஜப்பானியர் பிடித்திருந்த மலாயாவில் நேசநாட்டு விமானங்கள் குண்டு போடத் தொடங்கியிருந்தன. இருட்டிய பிறகு எந்த ஜன்னலிலும் பொட்டு வெளிச்சம் தெரியக்கூடாது என்பது ஜப்பானியர் உத்தரவு. கணவர் இறந்தபின் கிள்ளானில் துணிக்கடையைத் தனியாக நடத்திவந்த காத்தூன் பீவியிடம் ஜப்பானிய அதிகாரி ஒருவன் வந்தான். அவன் பங்களாவுக்கு, கயிற்றை இழுத்தால் மடிப்பு மடிப்பாக மேலேறும் திரைகள் வேண்டுமாம்.

பீவி பட்டுத் துணியை வெயிலில் பிடித்துக் காட்டினாள், வெளிச்சம் ஊடுருவியது. மல் துணி அதைவிட மோசம். கூடாரத் துணி மடியாமல் விறைத்தது. அதிகாரியின் கண் அடித்தட்டில் இருந்த டிரில் என்ற தடித்த கறுப்புத் துணிக்கட்டின்மேல் விழுந்தது.

அதுதான் பொருத்தமான துணி என்று பீவிக்கும் தெரியும். ஆனால் அதை மேரு ரப்பர் தோட்டத்துப் பெண்களுக்கென்று அவள் ஒதுக்கியிருந்தாள். அவர்களில் ஒருத்தியான இராஜம்மா அப்போது கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். அவள் புருஷனை ஜப்பானியர் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போய்விட்டார்கள். துணிப் பஞ்சத்தில் அவள் உடம்பில் சுற்றியிருந்தது கோணிச்சாக்கு.

"அதத் தர முடியாதுன்னு சொல்லு, தம்பி."

மொழிபெயர்க்க வந்த விஜயனுக்கு வேர்த்துவிட்டது. "விளையாடாதீங்க லா, அக்கா. இத எப்படிச் சொல்றது?"

பீவி அந்தக் கறுப்புத் துணியை மேசைமேல் உருட்டி விரித்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். திரைக்குத்தான் வெட்டுகிறாள் என்று நினைத்த அதிகாரி தடுக்கவில்லை. துணி முழுவதும் இடுப்பில் சுற்றும் அளவுத் துண்டுகளானது.

"இனி ஜன்னலுக்கு எட்டாது. ஒட்டுப் போட்டா தையல் ஓட்டையில வெளிச்சம் கசியும். சொல்லு."

விஜயன் சொன்னான். பீவியின் கன்னத்தில் அறை விழுந்தது. காது கொய்யென்றது. மேசையைப் பிடித்து நின்றவள், நழுவிய முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள்.

"சாக்கு இருக்கு. ரெட்டையா தைச்சு, கூழுல கரி கலந்து பூசினா வெளிச்சம் போகாது, மடிக்கவும் வரும். ஜன்னல் சாக்கு கட்டட்டும், பொம்பளைங்க துணி கட்டட்டும்."

கடைசி வாக்கியத்தை விஜயன் விழுங்கிவிட்டான். வேறு வழியில்லாத அதிகாரி, நாளைக்குள் மாட்டும்படி உறுமிவிட்டுப் போனான்.

இராஜம்மா அழுதுகொண்டே வெளியே வந்தாள். "என்னால அடி வாங்கிட்டீங்களே, அக்கா."

"அடிச்சது அவன். நீ ஏன் அழுவுற? உள்ள போய் இதக் கட்டிக்க. அந்தச் சாக்க இங்க போடு. ஒன்னு கொறையுது."

மறுநாள் பங்களாவின் முன்ஜன்னலில் இராஜம்மாவின் சாக்கு தொங்கியது. அதிகாரியின் எதிரில் நின்று, கயிற்றை இழுத்து அதை ஏற்றி இறக்கிக் காட்டினாள் காத்தூன் பீவி. வீங்கிய கன்னத்தை அவள் முக்காட்டால் மறைக்கவில்லை.